கமரா வாங்குவதற்கு முன் வாசிக்க ஒரு மடல்

கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம், பண்பாட்டலுவல்கள் திணைக்களம், திருகோணமலை மாவட்டப் பிரதேச செயலகங்களின் கலாசாரப் பிரிவுகள், இளைஞர் சேவைகள் மன்றத்தின் மாவட்டக் காரியாலயம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

மதிப்புக்குரியீர்,

இளையோருக்கு ஊடகப் பயிற்சி என்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டால் பட்டியலின் முதல் வரியில் கமரா வந்து உட்கார்ந்துவிடும். அடுத்தது ட்ரோன். அதற்கடுத்தது லைற். கடைசி வரியில், காசு மிஞ்சினால், ‘வளவாளர் கொடுப்பனவு – 2 நாள்’. அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகத் திருப்பி எழுதும்படி கேட்கவே இந்த மடல்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒரு காணொளிக் கலைஞரை ஒரு வருடத்துக்கு அமர்த்துங்கள்: வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு, இன்னொரு நாள் ஆயத்தத்துக்கு. 12 பிள்ளைகள், 30 வாரம். முதல் வருடத்துக்குப் பிள்ளைகளின் வீட்டிலிருக்கும் போனே போதும். நல்ல கமரா எது என்பதை, அந்தப் பிள்ளைகளின் வேலையைப் பார்த்தபின் அந்தக் கலைஞரே இரண்டாம் வருடம் சொல்லட்டும்.

‘ஏன் கலைஞர்? கலியாண வீடு எடுப்பவர் போதாதா?’ என்று கேட்கலாம். திருமலையில் கலியாணமும் பூப்புனித நீராட்டு விழாவும் எடுப்பவர்களிடம் நல்ல கைத்திறன் இருக்கிறது. மண்டப வெளிச்சத்தில் முகத்தைத் துலக்கும் வித்தையை அவர்களிடம்தான் கற்க வேண்டும். ஒரு நாள் அழைத்துக் கற்பியுங்கள். ஆனால் அவர்களுடைய தொழில், வீட்டுக்காரர் கேட்டதைக் கேட்டபடி கொடுப்பது. செய்தியாளரின் தொழில் நடந்ததைச் சொல்வது. காணொளிக் கலைஞர் நேரத்தையும் திரையையும் ஒலியையும் குயவர் மண்ணைப் பிடிப்பதுபோலக் கையில் எடுத்து, இதை இன்னும் எப்படி வளைக்கலாம் என்று பார்ப்பவர். 1963 இல் நாம் ஜூன் பைக் (Nam June Paik) என்ற கொரியக் கலைஞர் ஜேர்மனியின் வூப்பற்றால் நகரில் ரீவிப் பெட்டிகளின் உட்புறத்தை மாற்றியமைத்துக் காட்சிக்கு வைத்தார். 1967 இல் சோனி நிறுவனம் ஒருவர் தோளில் தூக்கிச் செல்லக்கூடிய வீடியோக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் திரை, ஒளிபரப்பு நிலையத்தின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. நம் நாட்டில் ரீவி வந்ததே 1979 இல். ரூபவாஹினி 1982 இல். எங்களுக்குத் திரை என்பது தொடக்கத்திலிருந்தே கொழும்பிலிருந்து வருவதைப் பார்க்கும் பொருள். பாடசாலையில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்ற பாடம் இருக்கிறது, நல்லது. ஆனால் பரீட்சைத் தாளில் எழுதி முடிப்பதைக் கை ஒருநாளும் கற்றுக்கொள்ளாது.

வகுப்பு எப்படி நடக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். அதைத் தெரிந்துகொண்டால்தான் எதற்குக் காசு வேண்டும் என்பது விளங்கும்.

மூன்று பேருக்கு ஒரு போன். ஒருவர் எடுப்பார், ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டி ஒலியை மட்டும் கேட்பார், மூன்றாமவர் நேரம் பார்ப்பதோடு சுற்றியுள்ள ஆட்களுடன் பேசுவார். வாரந்தோறும் இடம் மாறும். இப்படி மாற்றாவிட்டால் கெட்டிக்காரப் பையன் ஒருவன் 30 வாரமும் போனைப் பிடித்திருப்பான், மற்ற இருவரும் குடை பிடிப்பார்கள்.

முதல் பயிற்சி ஒரு நிமிடம். போனைச் செங்கல்லில் சாய்த்துவிட்டு 60 செக்கன் தொடாமல் இருப்பது. சூம் இல்லை, திருப்புவதில்லை. 1895 இல் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படச்சுருள் 17 மீற்றர்தான், ஓடுவது ஏறத்தாழ 50 செக்கன். அந்த அளவுக்குள் உலகம் அடங்கியது. நகருக்குள் திரியும் புள்ளிமான்களை எடுக்கச் சொல்லுங்கள்: மான் நகரும், பிள்ளையின் கையும் கூடவே நகரத் துடிக்கும். மான் சட்டகத்தை விட்டுப் போனால் போகட்டும். வெறும் மதிலும் நிழலும் மட்டும் மிஞ்சிய அந்த மீதி 20 செக்கனில்தான் பிள்ளை முதன்முறையாகப் படத்தைப் பார்க்கிறது. 15 செக்கன் வீடியோக்களை விரலால் தள்ளிப் பழகிய கண்ணுக்கு இது கடினம். நான்கு வாரம் பிடிக்கும். இரண்டு நாள் பயிலரங்கில் இது நடக்கவே நடக்காது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். எங்களுடைய கடல் கிழக்கே. காலையில் டச்சுக்குடாவில் கடலைப் பின்னால் வைத்து ஆளை எடுத்தால் முகம் கருகிவிடும். அதே இடத்தில் மாலை நான்கு மணிக்கு வெயில் கமராவுக்குப் பின்னால் நிற்கும், முகம் துலங்கும். உட்துறைமுகப் பக்கம் போனால் எல்லாம் எதிர்மாறு. ஊர்ப் பிள்ளைக்கு இது ஒரு பின்னேரத்தில் பிடிபடும். ஐந்து பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தாலும் பிடிபடாது.

அடுத்த மூன்று வாரம் படமே கிடையாது, ஒலி மட்டும். மீன் சந்தை, கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, பஸ் நிலையத்தில் நடத்துநர் ஊர்ப் பெயர்களை அடுக்கும் குரல். பிறகு ஓரிடத்து ஒலியை இன்னோரிடத்துப் படத்தின்மேல் ஏற்றிப் பார்ப்பது. அலை அடிக்கும் படத்துக்குச் சந்தை இரைச்சலை வைத்தால் என்ன ஆகிறது என்பதைக் கேட்டுவிட்ட பிள்ளைக்கு, செய்தி வீடியோக்களில் ஒலியை எப்படி மாற்றி ஏமாற்றலாம் என்பதும் தானாக விளங்கும்.

நாங்கள் மிகவும் விரும்பும் பயிற்சி அதற்கடுத்தது: கமராவை அதன் படத்தையே காட்டும் ரீவியை நோக்கிப் பிடிப்பது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஹண்டிகாம் (கையில் பிடிக்கும் வீடியோக் கமரா) பல வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கிறது. பின்புறம் பெருத்த பழைய குழாய் ரீவி, திருத்துமிடங்களில் சும்மா கிடக்கிறது. கமராவின் மூன்று நிறக் கம்பியில் படத்துக்கான மஞ்சள் முனையை மட்டும் ரீவியில் குத்துங்கள். வெள்ளையையும் சிவப்பையும் குத்தினால் ஒலியும் சுழன்று ஊளையிடும். அறையை இருட்டாக்கி, கமராவை ஒரு மீற்றர் தள்ளி வைத்து, ரீவித் திரை சட்டகத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகத் தெரியும்படி பிடித்தால் திரைக்குள் திரையாக ஒரு சுரங்கம் ஓடும். கமராவைச் சற்றுச் சரித்தால் சுரங்கம் சுருளாகும். விளிம்பு மறையும்வரை சூம் செய்தால் ஒளி முகில்போலக் குமுறும். வெறும் வெள்ளையாகிவிட்டால் ரீவியின் வெளிச்சத்தைக் குறைத்து, கமராவின் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள். ஒன்றுமே வராவிட்டால் இடையில் ஒரு ரோச் லைற்றை ஒரு கணம் காட்டுங்கள், அந்தப் பொறி போதும். கமரா ‘பிளே’ நிலையில் இருந்தால் எவ்வளவு முயன்றாலும் வராது. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதில் இரண்டு எச்சரிக்கை. குழாய் ரீவியின் பின்மூடியைப் பிள்ளைகள் கழற்றக்கூடாது, நிறுத்திய பின்னும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ற் தங்கியிருக்கலாம். வர்ண ரீவித் திரையில் காந்தம் வைத்தால் நிறக் கறை பதிந்து எளிதில் போகாது. காந்தத்தால் படத்தை வளைத்துப் பார்க்கும் பயிற்சிக்குக் கறுப்பு வெள்ளை ரீவிதான் பொருத்தம்.

குழாய் ரீவி கிடைக்காவிட்டால் போன் படத்தை வைஃபை வழியே புதிய ரீவிக்கு அனுப்பலாம். படம் சற்றுத் தாமதித்து வரும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதைக் குறைபாடு என்பார். பிள்ளை திரைமுன் கையை உயர்த்தி, தன் கை பிந்தி உயர்வதைக் கண்டு, அந்தத் தாமதத்தோடு விளையாடத் தொடங்குவாள். இதை வகுப்பாக்கத் தெரிந்தவரைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

இனி, எங்கே பிழைக்கும் என்பது. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

ஒலி முதலாவது. மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்றில் போனின் சொந்த மைக்கில் பதிந்த குரல் ‘படபட’ என்ற சத்தத்துக்குள் அமிழ்ந்துவிடும். எந்த மென்பொருளும் அதை முழுமையாக மீட்காது. சட்டையில் குத்தும் கம்பி மைக்கை நாடிக்குக் கீழே ஒரு சாண் அளவில் பொருத்தி, அதன்மேல் மயிருறை போட வேண்டும். மைக்கோடு வரும் பஞ்சுறை கடற்கரைக்குப் போதாது. பழைய பொம்மைக் கரடியின் தோலில் ஒரு சிறு பை தைத்துப் போட்டால் வேலை நடக்கும். வாங்கும்போது முனையைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு இருந்தால் கமராவுக்கு. மாறி வாங்கினால் போன் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும், ஹெட்போன் போடாதவருக்கு அது வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். 3.5 மில்லிமீற்றர் துளை இல்லாத போன்களுக்கு மாற்றி ஒன்றும் தேவை. வகுப்பறையில் மேலே சுழலும் மின்விசிறியைப் பதியும் இரண்டு நிமிடம் மட்டும் நிறுத்தினால் போதும், யாரும் வெந்துவிட மாட்டார்கள்.

அடுத்தது திரையில் ஓடும் கறுப்புப் பட்டை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைற்றும் மலிவான எல்ஈடி பல்பும் செக்கனுக்கு 100 தடவை மங்கித் தெளியும். போன்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 30 சட்டகம் என்ற அமைப்போடு வருவதால் ஷட்டர் (ஒரு சட்டகத்துக்கு ஒளி விழும் நேரம்) 1/60 செக்கனாக விழுந்து பட்டை ஓடுகிறது. ஓப்பன் கமரா, பிளக்மஜிக் கமரா போன்ற இலவசச் செயலிகளில் 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பட்டை நின்றுவிடும். 30 சட்டகத்தை மாற்ற முடியாத போனிலும் ஷட்டரை 1/100 ஆக்கினால் நிற்கும். இது தெரியாமல் ‘போன் சரியில்லை’ என்று புதுக் கமரா கேட்டு விண்ணப்பம் எழுதுவதும் உண்டு.

சேமிப்பு மூன்றாவது. 1080 தரத்தில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 130 மெகாபைட். 12 பிள்ளைகள் ஆளுக்குப் பத்து நிமிடம் எடுத்தால் ஒரு வகுப்புக்கு 15.6 கிகாபைட், 30 வாரத்துக்கு 468. பிரதி ஒன்று கட்டாயம் என்பதால் ஒரு ரெறாபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும், இரண்டும் வெவ்வேறு கட்டடங்களில். 4கே தரத்தில் எடுத்தால் இது இரண்டரை மடங்குக்கு மேல் போகும். முதல் வருடம் 4கே வேண்டாம். மெமரி கார்ட் வாங்கினால் முதலில் முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள், 128 என்று அச்சடித்து உள்ளே 8 மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. போன் வீடியோவின் சட்டக வேகம் நிலையாக இருக்காது. நேரே தொகுப்புக்குப் போட்டால் பத்தாவது நிமிடத்தில் உதடும் குரலும் விலகும். முதலில் ஹான்ட்பிரேக் மென்பொருளில் நிலையான 25 சட்டகத்துக்கு மாற்ற வேண்டும். தொகுப்புக்கு, பாடசாலைக் கணினிகளுக்கு ஷொட்கட், கேடென்லைவ் என்ற இலவச மென்பொருள்கள் பொருந்தும். டவின்சி ரிசோல்வ் நல்லதுதான், ஆனால் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத இயந்திரத்தில் மூச்சுத் திணறும்.

தமிழ்த் தலைப்பு தனிக்கதை. சில தொகுப்பு மென்பொருள்களில் யூனிகோட் தமிழை இட்டால் கொம்பும் அரவும் எழுத்தை விட்டுச் சிதறி நிற்கும். அதனால்தான் ஊரில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவை விடாமல் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாமினிக்குப் பழக்க வேண்டாம். தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூனிகோடில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து மேலே வைத்தால் எந்த மென்பொருளிலும் சிதையாது. தன் பெயர் உடைந்து தெரியும் திரையை எந்தப் பிள்ளையும் வீட்டாருக்குக் காட்டாது.

இனி உங்கள் அலுமாரிகளைப் பற்றி. நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. அவசரக் கொள்வனவு நவம்பர், டிசம்பரில் நடக்கிறது, வாடை மழையின் நடுவில். பெட்டி பிரிக்காத கமரா பூட்டிய மர அலுமாரிக்குள் போகிறது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிய இடத்தில் சில வாரங்கள் கிடந்தால் லென்ஸில் பூஞ்சணம் நூல்போலப் படரும். அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. தேவையானது விலையுயர்ந்த பெட்டி இல்லை: இறுக்கமாக மூடும் 20 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, 250 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். நிறம் மாறும் செம்மஞ்சள் ஜெல் வாங்குங்கள், நீலத்தில் கோபால்ற் நஞ்சு உண்டு. நிறம் மாறியதும் சமையலுக்குப் பாவிக்காத தட்டில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் அவனில் காயவைத்தால் திரும்பப் பாவிக்கலாம். அரிசிப் பைக்குள் வைப்பது வேண்டாம், தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும். ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் பூக்கும். மூடிய பையில் அரை மணி நேரம் விட்டபின் திறக்க வேண்டும். கடற்கரையிலிருந்து வந்த முக்காலியின் கால்களை நல்ல தண்ணீர்த் துணியால் அன்றே துடைக்காவிட்டால் உப்பு திருகுகளை இறுக்கிவிடும்.

பூஞ்சணத்தைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருக்கிறது. பொருள் உடைந்தால் இன்வென்ரரிப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தவரின் சம்பளத்தில் கழியும் என்ற பயம். அந்தப் பயத்தோடு எந்த உத்தியோகத்தரும் பிள்ளையின் கையில் கருவியைக் கொடுக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொகையில் பத்திலொரு பங்கைத் திருத்தத்துக்கும் மாற்றுக்கும் என முதலிலேயே எழுதி ஒதுக்குங்கள். கவனயீனம் இல்லாமல் பழுதானதற்கு எவரும் தனிப்படப் பொறுப்பில்லை என்று சுற்றறிக்கை ஒன்று தாருங்கள். இதற்குச் செலவே இல்லை. ஆனாலும் இந்த மடலில் மிகக் கடினமான கோரிக்கை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம்.

அனுமதி விடயத்தில் உங்கள் முத்திரை எங்களுக்குத் தேவை. இந்த ஊரில் கமராவைத் தூக்கிய இளைஞனை யாராவது கேள்வி கேட்பார்கள்: பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், டொக்யார்ட்டில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. புறாமலைத் தீவு தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களம். ஒவ்வொரு பிள்ளையின் பெயர், திகதி, இடம், பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம் அடங்கிய ஒரு பக்கக் கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் கையில் இருக்க வேண்டும். ட்ரோன் வாங்கவே வேண்டாம்; விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்குள், 16 வயதுப் பிள்ளைக்கு அதைப் பறக்கவிட வழியில்லை.

பெற்றோரின் சம்மதப் படிவத்தில் மூன்று தனிக்கட்டம் இருக்கட்டும்: எடுக்கலாமா, மண்டபத்தில் காட்டலாமா, இணையத்தில் ஏற்றலாமா. ஒன்றுக்கு ஆமென்றால் மற்றதற்கும் ஆமென்று ஆகாது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் வீட்டில் மூன்றாவது கட்டம் வெறுமையாக இருக்கலாம். அதற்காக வகுப்பிலிருந்து நிறுத்தக்கூடாது. நேரம் சனிக்கிழமை இரண்டரை முதல் ஐந்துவரை வைத்தால் ரியூசனோடு மோதுவது குறையும், இருட்டுமுன் வீடு சேரலாம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின் கிண்ணியாப் பிள்ளைகள் பாதைப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் பஸ் காசை நீங்கள் கொடுக்காவிட்டால் வகுப்பில் நகரப் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள், மூன்று சமூகத்தாரும் ஒரு குழுவில் இருக்க வேண்டும் என்பது காகிதத்தோடு நிற்கும்.

இன்னொன்று: தலைப்புக் கொடுக்காதீர்கள். ‘போதையொழிப்பு’, ‘ஒற்றுமை’ என்று தலைப்பு வந்தால் சோகமான பியானோ, ரயில் தண்டவாளத்தில் தனியே நடக்கும் பையன், கடைசியில் ஒரு வாசகம் என்று எல்லாம் ஒரே படமாகிவிடும். யுத்தத்தையும் சுனாமியையும் பிள்ளை தன் வீட்டிலிருந்து தானாக எடுத்துவந்தால் கலைஞர் பக்கத்தில் நிற்பார். சுற்றறிக்கை மூலம் கேட்டு வாங்கக்கூடாது. மதிப்பீட்டுக்கு மூன்று நிமிட வேலை ஒன்றும், வாரந்தோறும் எழுதிய குறிப்புக் கொப்பியும் போதும். பரிசுக் கேடயம் தேவையில்லை.

100 ரூபாய் இருந்தால் பங்கு இப்படி: கலைஞருக்கும் உதவியாளருக்கும் 55, ஒலிக்கருவிக்கு 12, சேமிப்புக்கு 8, பஸ் காசுக்கும் தேநீருக்கும் 10, திருத்தத்துக்கு 10, முக்காலிக்கும் பெட்டிக்கும் 5. புரொஜெக்டர் உங்கள் காரியாலயங்களில் ஏற்கெனவே இருக்கிறது, இரவல் தாருங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் ‘ஆன்சி’ (ANSI) என்ற தர அளவீட்டில் 3000 லூமன் வெளிச்சம் கேளுங்கள், பெட்டியில் அச்சடித்த வெறும் எண்ணை நம்ப வேண்டாம். இரண்டு மீற்றர் அகலத் திரைக்கு அது மூன்று மீற்றர் அளவில் தள்ளி நிற்கும், இருட்டிய பிறகுதான் தெரியும். கடற்கரையில் காட்டுவதென்றால் திரைச்சீலையின் அடியில் மணல் நிரப்பிய குழாயைச் செருகிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாய்மரம்தான்.

ஆளை எங்கே தேடுவது என்று கேட்டால், தூரம் போக வேண்டியதில்லை. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைக்குத் துறை இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கிருந்து வெளிவந்தவர்களை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நேர்முகத்தில் சான்றிதழ்க் கோவையைக் கேட்குமுன் இரண்டு வேலை கொடுங்கள்: தாங்கள் செய்த காணொளிகளில் ஐந்து நிமிடம் காட்டட்டும், பிறகு பக்கத்து அறையிலிருந்து மூன்று பிள்ளைகளை அழைத்து, ஒரு போனையும் ஒரு செங்கல்லையும் கொடுத்து, இருபது நிமிடம் வகுப்பு எடுக்கட்டும். யாரை எடுப்பது என்பது அந்த இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வெளிவேலையைப் பெப்ரவரியில் தொடங்கினால் ஒக்டோபர் மழைக்குள் 30 வாரமும் முடிந்து, நவம்பரில் உள்ளே அமர்ந்து தொகுக்கலாம். அப்படியென்றால் நியமனக் கடிதம் ஜனவரி முடியுமுன் கையில் இருக்க வேண்டும். பயிற்சிகளின் வாரவாரியான திட்டமும், சம்மதப் படிவத்தின் தமிழ், சிங்கள மாதிரிகளும் எங்களிடம் ஆயத்தமாக உள்ளன. கேட்கும் எந்தக் காரியாலயத்துக்கும் இலவசமாகத் தருவோம்.

இப்படிக்கு,
திருகோணமலையில் இளையோருக்குக் காணொளிக் கலை கற்பிப்போர்